மரத்தின் மேல் ஒரு பிறந்தநாள்

"பிறந்தநாளும் அதுவுமா, குழந்தையைக் கொண்டுபோய் மரத்துல ஏத்தி விடறதா? நல்லாயிருக்கும்மா உங்க ஊர் வழக்கம்!"

கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் எங்களோடு இருக்க வந்திருந்த என் மாமியார் இப்படித்தான் ஆரம்பித்தார். மனசுக்குள் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டவள் எதிரே நிற்கிறாளே! வாயை மூடிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றேன். நம் வீடுகளில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், குழந்தைகளுக்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில். 2023 ஜூன் மாதம் என் மகளுக்கு 8 வயது முடிந்தது. அதற்கு முந்தின பிறந்தநாட்களை எல்லாம் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, பலூன் கட்டி, கேக் வெட்டி முடித்திருக்கிறோம். இந்தத் தடவை அவளே கேட்டாள்: "அம்மா, என் பர்த்டேயைக் காட்டுல, மரத்து மேல கயிறு கட்டி நடப்பாங்களே, அங்கே வெச்சுக்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், பூங்காவில் ஏணிக் கம்பியில் தொங்கி விளையாடும்போது கை நழுவி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஐந்து வாரம் மாவுக்கட்டு. கை நேராகிவிட்டது, என் வாய்தான் நேராகவில்லை. அன்றிலிருந்து காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை "பார்த்து, பார்த்து" என்பேன். மாடிப்படி இறங்கினால் "பார்த்து." சைக்கிளைத் தொட்டால் "பார்த்து." மழை பெய்திருந்தால் வாசலைத் தாண்டும்போதே "பார்த்து."

பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாளில் அவளுடைய டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். உடற்பயிற்சி வகுப்பில் இவள் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பாளாம். முன்னால் இருப்பவர்கள் ஏறி இறங்கி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். இவள் முறை வராது. "வேண்டுமென்றே அப்படி நிற்கிறாள் என்று நினைக்கிறேன்" என்றார் டீச்சர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை.

அந்தப் பெண்தான் இப்போது மரம் ஏற வேண்டும் என்கிறாள். எப்படி வேண்டாம் என்று சொல்வேன்? எங்கள் வீட்டுக்காரர் அன்று இரவே டிக்கெட் பதிவு செய்துவிட்டார். விட்டால் நான் மனசு மாறிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மனிதர் நட்ட காடு

கேம்பிரிட்ஜிலிருந்து தெட்ஃபர்ட் காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலையின் இருபுறமும் பைன் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை, கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல! "காடு தானா வளர்ந்தா இப்படியா இருக்கும்? யாரோ நட்டிருக்காங்க" என்றார் என் மாமியார் காரில் இருந்தபடியே.

அவர் சொன்னது சரிதான். முதல் உலகப் போரில் மரத்துக்கு இந்த நாடு திண்டாடிப் போனது. அதனால் 1919ல் வனத்துறை ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி, 1922 முதல் இந்த மணற்பாங்கான, மழை குறைந்த நிலத்தில் பைன் கன்றுகளை நட ஆரம்பித்தார்கள். இன்று ஏறக்குறைய 19,000 ஹெக்டேர் பரந்திருக்கிறது. இந்த மண்ணுக்கு உரிய ஸ்காட்ஸ் பைனும், கோர்சிகா தீவிலிருந்து வந்த பைனும் கலந்து நிற்கின்றன.

இதில் பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, 1942ல் பெண்களுக்கென்றே ஒரு மரவெட்டிப் படை அமைத்தார்கள். அதற்குப் பயிற்சி கொடுத்த இடங்களில் ஒன்று இங்கிருந்து வெகு தூரமில்லாத கல்ஃபர்ட் என்ற ஊர். கடைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்த்த பெண்கள் கோடரியும் ரம்பமும் பிடித்தார்கள். இதைச் சொன்னதும், "நாங்க மட்டும் என்ன? எங்க ஊர்ல புளியம்பழம் உலுக்க நான்தான் ஏறுவேன். கல்யாணம் ஆற வரைக்கும்!" என்றார் மாமியார். பதினோரு வருஷமாக இந்த வீட்டு மருமகளாக இருக்கிறேன், இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பின்னலுக்குக் கிடைத்த பாராட்டு

காட்டுக்கு நடுவே ஹை லாட்ஜ் என்று ஒரு இடம். கார் நிறுத்த, சாப்பிட, சைக்கிள் ஓட்ட எல்லா வசதியும் அங்கே இருக்கிறது. இங்கேதான் 2002ல் 'கோ ஏப்' என்ற நிறுவனம் தன் முதல் கயிற்றுப் பாதையை ஆரம்பித்தது. பிரான்ஸ் தேசத்தில் இப்படி ஒன்றைப் பார்த்த ஒரு தம்பதி ஆரம்பித்ததாம். இப்போது பிரிட்டன் முழுக்கப் பல காடுகளில் இருக்கிறது.

மரத்துக்கு மரம் பலகை மேடை. மேடைக்கு மேடை ஆடும் பாலம், கயிற்று வலை, தொங்கும் கட்டைகள். கடைசியில் கம்பியில் தொங்கிக்கொண்டே சறுக்கித் தரைக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கு உயரமான பாதை தனி, குழந்தைகளுக்குத் தனி. வயதை மட்டுமில்லாமல் உயரத்தையும் பார்த்துத்தான் ஏற விடுகிறார்கள்.

காலையில் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியாயிற்று. புதுத்துணி வேண்டுமே! பட்டுப்பாவாடையோடு மரம் ஏற முடியாது. கடையில் வாங்கிய நீல நிறக் கால்சட்டைக்கு மாமியார் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தார். கழுத்துச் சங்கிலி, ஜிமிக்கி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். "பிறந்தநாளன்னிக்கு மூளிக் கழுத்தோடயா?" என்று அவருக்கு வருத்தம். சங்கிலி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும் என்று விளக்கினேன். ஒன்றும் சொல்லாமல் சங்கிலியை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பேத்திக்கு இரட்டைப் பின்னல் பின்னி, மடித்துத் தூக்கி ரிப்பன் கட்டினார்.

அங்கே போனால், மற்றப் பெண் குழந்தைகள் எல்லாரும் முடியை விரித்துப் போட்டு வந்திருக்கிறார்கள். சறுக்கும் கம்பியில் ஒரு சக்கரம் ஓடும். அதில் முடி சிக்கினால் விபரீதம். பயிற்சி தரும் பெண் என் மகளின் பின்னலைக் காட்டி, "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றாள். அப்புறம் என்ன! என் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாக நாலு வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பின்னல் போட்டார். பாஷை தெரியாது. தலையைத் திருப்ப வேண்டுமானால் தாடையைப் பிடித்துத் திருப்புவார். குழந்தைகளுக்கு ஒரே சிரிப்பு.

என் மகளோடு சேர்த்து மொத்தம் 8 குழந்தைகள். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி வார்ப்பட்டை பூட்டினார்கள். ஹார்னஸ் என்று சொல்வார்களே, அது. அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. ஏறும்போது கம்பியில் மாட்டினால், பாதை முடிந்து இறங்குகிறவரை அது கழலாது. கால் தவறினாலும் அந்தரத்தில் தொங்கலாம். தரைக்கு வர முடியாது. ஒவ்வொரு குழந்தையின் பட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள் அந்தப் பெண். முதலில் தாழ்வான ஒரு கயிற்றில் நடக்கவிட்டு, தொங்கவிட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் கண்ணாலே பார்த்தேன். மூளைக்குப் புரிந்தது. வயிற்றுக்குத்தான் புரியவில்லை.

திரும்பி நில்லு

முதல் மேடையில் ஏறினாள். இரண்டாவது பாலம் வரை போனாள். அது பலகைப் பாலம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை முழம் இடைவெளி. ஒரு கால் வைத்தாள், பாலம் ஆடியது. அப்படியே நின்றுவிட்டாள்.

நான் நேர் கீழே நிற்கிறேன். என்னை அறியாமல் என் கை இரண்டும் மேலே தூக்கியிருந்தது, ஏதோ விழுந்தால் பிடிப்பதுபோல. வாயில் "பார்த்து, பார்த்து!" அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. காலைப் பின்னுக்கு எடுத்தாள். பின்னால் நாலு குழந்தைகள் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

"கீழே வந்துடறியாம்மா?" என்று கத்தினேன்.

அந்தப் பயிற்சிப் பெண் மெதுவாக என் பக்கத்தில் வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். "அவள் பாலத்தைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் சிரியுங்களேன்" என்றாள்.

சிரிக்க முயற்சி செய்தேன். வரவில்லை. அப்போதுதான் என் மாமியார் எழுந்து வந்தார். "உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. திரும்பி நில்லு" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "நான் பார்த்துக்கறேன்."

மரங்களைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் என்ன நடக்கிறது என்று காதால்தான் தெரிந்தது. "ராஜாத்தி, கையை நல்லாப் பிடிச்சுக்கோ. காலுக்கு அவசரமில்லை" என்கிறார் மாமியார், வீட்டுக் கூடத்தில் பேசுகிற குரலில். ஒரு பலகை கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் இன்னொரு பலகை. நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு எண்ணினேன். பிறகு "தொம்" என்று மேடையில் கால் விழுந்த சத்தம். "சபாஷ்!" என்று மாமியார் கை தட்டிய பிறகுதான் திரும்பினேன். அவள் அடுத்த பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்பது வெறும் பேச்சில்லை. 1985ல் அமெரிக்காவில் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடிப் பலகை மேல் தவழ விட்டார்கள். நடுவில் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கம் தாய். தாய் மலர்ந்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். என் மாமியாருக்குப் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் பேரில் ஒரு பையன், வரும் வழியெல்லாம் வீரம் பேசியவன், முதல் மேடையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பயிற்சிப் பெண் ஒரு வார்த்தை பரிகாசமாகச் சொல்லவில்லை. பத்திரமாக இறக்கி, "சொன்னது நல்லது" என்று முதுகில் தட்டினாள். அவன் கீழே இருந்து மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான். முடியாது என்று சொல்லவும் தைரியம் வேண்டும்தானே? பிள்ளைகளைத் தள்ளிவிடவும் கூடாது, தடுத்து நிறுத்தவும் கூடாது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

கடைசிச் சறுக்கலை மட்டும் திரும்பாமல் பார்த்தேன். கம்பியில் தொங்கி, காலை முன்னால் நீட்டி, மரத்தூள் குவியலில் வந்து உட்கார்ந்தாள். நீலக் கால்சட்டை முழுக்க மரத்தூள். மஞ்சள் தடவிய ஓரம் எது என்றே தெரியவில்லை.

மரத்தடி விருந்து

ஏறுவதற்கு முன் குழந்தைகளுக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்தரத்தில் ஆடினால் குமட்டும். இறங்கிய பிறகு பெஞ்சில் இலை போடாத குறையாக விருந்து. சின்னச் சின்னக் கிண்ணங்களில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச். வெட்டிய தர்பூசணி. மாமியார் செய்த முறுக்கும் ரவா லட்டும்.

இங்கே ஒரு குறிப்பு. அழைப்பு அனுப்பும்போதே எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்தேன். ஒருத்திக்கு முந்திரி, வேர்க்கடலை ஆகாது, எள்ளும் ஆகாது. அதனால் லட்டில் முந்திரிக்குப் பதில் திராட்சை. முறுக்கில் எள்ளுக்குப் பதில் சீரகம். ருசியில் ஒரு குறையும் இல்லை.

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஜூன் மாதத்துப் பைன் காடு; காய்ந்த ஊசியிலை காலடியில் மெத்தையாகக் கிடக்கிறது. ஒரு பொறி போதும். அதனால் எல்லாரும் எட்டுத் தடவை கை தட்டினோம், அவள் கேக்கை வெட்டினாள். "இதுதான் சரி. நல்ல நாள்ல விளக்கை ஊதி அணைக்கறது எனக்கு என்னிக்குமே பிடிச்சதில்லை" என்றார் மாமியார் திருப்தியாக.

நீங்கள் போவதானால்

நம் ஊரிலும் மலைவாசஸ்தலங்களில் இப்படிக் கயிற்றுப் பாலம் கட்டிய இடங்கள் வந்துவிட்டன. எங்கே போனாலும் இவற்றைக் கவனியுங்கள்:

• ஏறுவதற்கு முன் பயிற்சி தருகிறார்களா? ஒவ்வொரு குழந்தையின் பட்டையையும் தனித்தனியே சோதிக்கிறார்களா? பாதையின் எந்த இடத்திலாவது கொக்கி முழுக்கக் கழன்று இருக்கும் நேரம் உண்டா? உண்டு என்றால் வேண்டாம். ஐரோப்பாவில் கயிற்றுப் பாதைகளுக்கென்றே ஈ.என். 15567 என்ற தரவிதி இருக்கிறது. எந்த விதிப்படி கட்டினீர்கள், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

• மூடிய ஷூ, முழுக் கால்சட்டை. துப்பட்டா, சங்கிலி, தொங்கல் எதுவும் கூடாது. முடியை மடித்துக் கட்டுங்கள்.

• ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் கீழே நிற்கும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

• தூறல் பரவாயில்லை. இடியோ பலத்த காற்றோ வந்தால் இறங்கிவிட வேண்டும்.

• இங்கிலாந்துக் காடுகளில் உண்ணி உண்டு. கடித்தால் 'லைம்' என்ற நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்காலுக்குப் பின்புறம், தொடை இடுக்கு என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் விடுவதோ சூடு வைப்பதோ கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்வெடன் கல்லறை

திரும்பும் வழியில் எல்வெடன் என்ற சின்ன ஊரில் வண்டியை நிறுத்தினோம். அங்கே மாதா கோயில் தோட்டத்தில் பஞ்சாபின் கடைசி சீக்கிய மகாராஜா துலீப் சிங்கின் கல்லறை இருக்கிறது. 5 வயதில் பட்டம் கட்டிய பிள்ளை. ஆங்கிலேயர் அவரைத் தாய் ஜிந்த் கௌரிடமிருந்து பிரித்தார்கள். ராஜ்யத்தையும் பறித்து, 1854ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தாயும் மகனும் மறுபடி சந்தித்தது 1861ல், கல்கத்தாவில். இடையில் 13 வருஷம் போய்விட்டது. அதற்குள் தாய்க்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மகனோடு இங்கிலாந்துக்கு வந்த அவர் 1863ல் லண்டனில் காலமானார். அதே ஆண்டில்தான் மகன் இந்த எல்வெடன் பண்ணையை வாங்கினார். 1893ல் பாரிஸில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். மனைவியும் ஒரு மகனும் பக்கத்திலேயே.

"பெத்த பிள்ளை வளர்றதையே பார்க்காம ஒரு தாய் இருந்திருக்காளே" என்றார் மாமியார். அவ்வளவுதான் சொன்னார். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிப் பேத்திக்குப் போட்டுவிட்டார்.

நான் பேசாமல் நின்றேன். என் பெண் வளர்வதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளையா, அவள் விழுவதையா?

அன்று இரவு வெந்நீரில் குளிப்பாட்டி, உண்ணி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அம்மா, நான் அந்தப் பாலத்தைத் தாண்டினதை நீ பார்த்தியா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்லைடா கண்ணு. பாட்டிதான் பார்த்தாங்க."

"தெரியும். உன் முதுகுதான் தெரிஞ்சுது" என்று சிரித்தாள். "அடுத்த தடவை நீ பார்க்கலாம். ஆனா ஒண்ணும் சொல்லக் கூடாது."

"பார்க்கலாம்" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன்.